உறுப்பிழந்தவர்கள் வாத்தியம் பழகுவது பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்த பின்னர், வன்னியில் சங்கீதம் கற்க வருபவர்களுள் கையையோ காலையோ பார்வையையோ செவிப்புலனையோ இழந்தவர்கள் எப்போதும் சிலர் இருந்து வருகின்றனர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் பெற்றோரும், கற்பவர்களும், சக ஆசிரியர்களும், கோயில் விழாக்களை நடத்துபவர்களும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு சங்கீத ஆசிரியராக நான் சொல்லும் விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். பிறவியிலேயே குறையோடு பிறந்தவர்களுக்கும், இளம்பிள்ளை வாதத்தாலோ வீதி விபத்தாலோ உடல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இவற்றுட் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒரு கை மட்டும் உள்ளவர் எந்த வாத்தியத்தில் தொடங்கலாம்?

வாத்தியத்தைத் தெரிவு செய்வதற்கு முன்னர், அந்த வாத்தியத்தில் ஒவ்வொரு கையும் செய்யும் வேலை என்ன என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயலினில் இடக்கை விரல்கள் சுரத்தானத்தைப் பிடிக்க, வலக்கை வில்லை இழுத்து நாதத்தை எழுப்புகிறது. கஞ்சிராவில் இடக்கை வாத்தியத்தைத் தாங்கித் தோலை அழுத்த, வலக்கை அடிக்கிறது. ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை இயக்க, மறு கை கட்டைகளில் ஓடுகிறது. இல்லாத கையின் வேலையைக் காலிடமோ, முழங்கையிடமோ, ஒரு மரத் தாங்கியிடமோ, மின்விசையிடமோ ஒப்படைக்க முடியுமானால் அந்த வாத்தியத்தை அவர் பழகலாம்.

இந்தக் கணக்கில் முதலில் நிற்பது ஓர்கன் என்று ஊரில் அழைக்கப்படும் மின்விசைப் பலகைதான். மேலைநாட்டுப் பியானோ இசையில் ஒரு கை மெட்டையும் மறு கை அதற்கு இசைவான சுரக்கூட்டுகளையும் வாசிப்பதால், ஒரு கை இல்லாமற் போனால் இசையின் பாதி போய்விடுகிறது. நம்முடைய கர்நாடக இசையோ ஒரே சுர வரிசையில் நகர்வது. ஆகவே ஒரு கையால் வாசிக்கப்படும் மோகன வர்ணம் முழுமையான வர்ணமே. சிக்கல் வருவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிக்கும் கமகத்தில்தான். சுரத்தை வளைப்பதற்கான சக்கரம் பலகையின் இடது ஓரத்தில் இருப்பதால், ஒரே கையால் கட்டைகளையும் சக்கரத்தையும் ஒருங்கே ஆள முடியாது. சில வகைப் பலகைகளில் அந்த வேலையைக் கால்மிதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால், வாங்குவதற்கு முன்னர் கடைக்காரரிடம் இதைக் கேட்டுச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஆர்மோனியம் விரும்புபவர்கள் நாடக மேடைகளிலும் தேவாலயங்களிலும் முன்பு வழங்கிய கால்மிதி ஆர்மோனியத்தைத் தேடிப் பார்க்கலாம். துருத்தியைக் கால் இயக்குவதால் கை முழுவதும் கட்டைகளுக்கே கிடைக்கிறது. பழையது எங்காவது பழுதாகிக் கிடந்தால், அதைத் திருத்துவதற்கு ஆகும் செலவு புதிய வாத்தியத்தின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மிருதங்கத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். இடப்பக்கத் தோலான தொப்பியும் வலப்பக்கத் தோலான வலந்தலையும் தம்முள் பேசிக்கொள்வதுதான் மிருதங்கம். ஒரு கையால் அதை முழுமையாக வாசிக்க இயலாது. தாளத்தில் நாட்டம் உள்ளவர் மின்விசைத் தாளப் பலகையைக் கையாலும், தொப்பிக்குரிய அடித்தொனியைக் கால்மிதியாலும் வாசிக்கலாம். டெஃப் லெப்பர்ட் என்ற ரொக் இசைக்குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ரிக் அலன் 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் இடக்கையை இழந்த பின்னர், அந்தக் கை செய்து வந்த அடிகளைக் கால்மிதிகளுக்கு மாற்றி 1986இல் மீண்டும் பெரிய மேடைகளில் வாசித்தார்.

முழங்கைக்குக் கீழே வலக்கை இல்லாத என் மகள் வயலின்தான் வேண்டும் என்கிறாள். அவளுடைய மனதை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். முழங்கை எஞ்சியிருப்பது வயலினுக்குப் பெரிய வாய்ப்பு. வில்லின் ஓட்டத்தை மேற்கையும் முழங்கையுமே பெரிதும் தாங்குகின்றன. மணிக்கட்டும் விரல்களும் நுணுக்கத்தைச் சேர்க்கின்றன. வலக்கை இல்லாமற் பிறந்த கனடிய வயலின் கலைஞர் ஏட்ரியன் அனந்தவன், எஞ்சிய முன்னங்கையில் பொருத்திக்கொள்ளும் ஓர் உறையில் வில்லை நிறுத்தியே உலக மேடைகளில் வாசித்து வருகிறார்.

அத்தகைய உறையைச் செயற்கை உறுப்புகளைச் செய்யும் பட்டறைகளிலேயே செய்விக்கலாம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் அளவெடுத்து வார்க்கும் கைத்திறன் நெடுங்காலமாக உண்டு. போகும்போது வயலினையும் வில்லையும் உடன் கொண்டு செல்லுங்கள்; முடிந்தால் ஆசிரியரும் செல்லட்டும். வில் கம்பிக்குச் செங்கோணத்தில் நிற்க வேண்டும் என்பதையும், உறை பாரமானால் தோள் அரை மணி நேரத்தில் சோர்ந்துவிடும் என்பதையும் பட்டறையில் இருப்பவர் தாமாக அறிய வாய்ப்பில்லை. வில்லைப் பற்றும் இடத்தில் சிறிதளவு நெகிழ்வு இருக்கும்படி தோலோ இறப்பரோ வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். இறுக்கமாகப் பூட்டிவிட்டால் வில் திரும்பும் ஒவ்வொரு முறையும் கீறல் ஒலி எழும்.

உறை கிடைத்த பின்னர், தொடக்கச் சுரப் பாடமான சரளி வரிசைக்கு அவசரப்பட வேண்டாம். ஷட்ஜமும் பஞ்சமமுமாகச் சுருதி சேர்த்த நான்கு கம்பிகளையும் விரல் வைக்காமல் நீள இழுக்கும் பயிற்சியே முதற் சில மாதங்களுக்குப் போதும். இழந்தது இடக்கையானால், வலக்கை விரல்கள் சுரம் பிடிக்கும்படி கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிய வயலின் தேவைப்படும். பாலத்தையும் உள்ளிருக்கும் தாங்குகுச்சியையும் மாற்றியமைக்க வேண்டியிருப்பதால் அதை அனுபவமுள்ளவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

வெடிவிபத்தில் இரண்டு மூன்று விரல்களை இழந்தவர் கம்பி வாத்தியம் வாசிக்க முடியுமா?

முடியும் என்பதற்குக் கிற்றார் வரலாற்றிலேயே உறுதியான சான்றுகள் இருக்கின்றன. 1910இல் பெல்ஜியத்தில் நாடோடி இனக் குடும்பத்தில் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928இல் தம் வண்டி வீடு தீப்பற்றியபோது இடக்கையில் கடும் தீக்காயமடைந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப் போயின. அவர் பழைய விரலமைப்பைத் திரும்பப் பெற முயலாமல், சுட்டுவிரலும் நடுவிரலும் கம்பியின் நீளவாக்கில் விரைந்து மேலும் கீழும் ஓடும் புதிய முறை ஒன்றை அமைத்துக்கொண்டார். சுருங்கிய விரல்களையும் வீணாக்காமல், சுரக்கூட்டுகளை வாசிக்கும்போது மேற்கம்பிகளை அழுத்தப் பயன்படுத்தினார். 1953இல் இறந்த அவருடைய வாசிப்பை, பத்து விரலும் உள்ளவர்கள் இன்றும் முயன்று பின்பற்றுகிறார்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த டோனி அயோமி, 17 வயதில் இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். இடக்கையால் மீட்டுபவர் என்பதால் கம்பிகளை அழுத்துவது அவருக்கு அந்த வலக்கைதான். மனம் உடைந்திருந்தவருக்கு ஜாங்கோவின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டியவர் அந்தத் தொழிற்சாலையின் மேலாளர். அயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி வார்த்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய கம்பிகளைப் பூட்டிக்கொண்டார். பின்னர் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். அவருடைய பிளாக் சபாத் ரொக் குழுவின் கனத்த ஓசைக்கு இவையும் காரணமாயின.

விரலுக்குத் தொப்பி போடுவதை நம்மவர்கள் புதுமையாக நினைக்கத் தேவையில்லை. தவில் வித்துவான் துணியும் பசையும் கொண்டு செய்த கூடுகளை விரல்களில் மாட்டித்தான் வலந்தலையை வாசிக்கிறார். உறுதியான விரலுக்கே கூடு வேண்டியிருக்கிறது. நுனி போன விரலுக்குத் தவிற்கூடு செய்பவரிடமே அளவு கொடுக்கலாம்.

காயத்தின் தழும்பு முற்றாக ஆறாமல் உலோகக் கம்பியை அழுத்தக் கூடாது. வெட்டுப்பட்ட விரலின் முனையில் நரம்பு திரண்டு, தொட்டாலே மின்சாரம் பாய்வதுபோல வலிக்குமானால், முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

காலை இழந்தவருக்கு வாத்தியத்தில் என்ன தடை இருக்கப் போகிறது?

கையிருந்தாற் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நம்முடைய மேடையில் தரையிலமர்ந்து வாசிப்பதால் கால்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. கர்நாடக முறையில் வயலினின் தலைப்பகுதி வலது கணுக்காலின்மேல் ஊன்றி நிற்கிறது. இடக்கை தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டுக் கமகத்துக்காகக் கம்பியின்மேல் வழுக்கியோடுவது இதனால்தான் இயல்கிறது. மிருதங்கத்தின் வலந்தலைப் பக்கம், சற்று நீட்டிய வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. வலது காலை இழந்தவருக்கு இந்த இரண்டு வாத்தியங்களிலும் தாங்குமிடம் இல்லாமற் போகிறது.

தீர்வு எளிது, ஒரு தச்சர் போதும். வயலினுக்குக் கணுக்கால் இருந்திருக்க வேண்டிய உயரத்தில், மேலே சிறு குழிவும் அதில் தடித்த துணியும் வைத்த மரக்கட்டை ஒன்றைப் பாயின்மேல் நிறுத்தலாம். அடிப்பகுதி அகலமாகவும் பாரமாகவும் இல்லாவிட்டால் துரித காலத்தில் கட்டை நகர்ந்துவிடும். மிருதங்கத்துக்குத் துணிவளையமோ சாய்வான தாங்கியோ போதுமானது.

ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேதியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர்ப் பாதம், சம்மணமிடுவதையும் குந்துவதையும் கருத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்டது. முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுட் பலர் அதை அணிந்தபடியே மேடையில் அமர முடியும். முழங்காலுக்கு மேலே இழந்தவர் அதைக் கழற்றிவிட்டு அமர்வதே இலகு. மேடையில் பொய்க்காலைக் கழற்றப் பலர் கூச்சப்படுகிறார்கள். திரை விலகுவதற்கு முன்னர் அமர்ந்துகொள்வதற்கு அமைப்பாளர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் அந்தக் கூச்சத்துக்கே இடமில்லை.

தவிலும் நாதஸ்வரமும் வேறு கதை. சுவாமி வீதியுலா வரும்போது மணலிலும் சரளையிலும் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். தவிலின் பாரம் தோளில் தொங்கும். பொய்க்கால் அணிந்தவர் இருந்து வாசிக்கும் பகுதியை ஏற்று, உலாவை மற்றவரிடம் விடுவதாகக் குழுவுக்குள்ளேயே பேசித் தீர்மானிக்கலாம்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்?

நாற்காலியின் கைப்பிடிகளே முதல் இடைஞ்சல். வயலின் வில் கீழிறங்கும்போதும் மிருதங்கத்தில் கை விரியும்போதும் அவை இடிக்கும் என்பதால், கைப்பிடி கழறக்கூடிய நாற்காலியாகப் பார்த்துப் பெற வேண்டும். மார்பளவில் காயமடைந்தவருக்கு உடலின் சமநிலை குறைவாதலால், இரு கையையும் ஒரே நேரத்தில் உயர்த்தினால் முன்னே சரிய நேரும்; மார்பைச் சுற்றி அகலமான பட்டி ஒன்று கட்டிக்கொள்ளலாம். புல்லாங்குழல் அவருக்கு மூச்சுப் பயிற்சியாகவும் அமையும், ஆனால் நீண்ட சுரத்தொடர்களைச் சிறியனவாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

வாசிப்பில் ஆழ்ந்துவிட்டால் நேரம் போவது தெரியாது, உணர்வில்லாத இடத்தில் புண் வருவதும் தெரியாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கவோ பக்கவாட்டில் சாயவோ வேண்டும். படுக்கைப் புண் வந்தால் மாதக்கணக்கில் வாத்தியத்தைத் தொட முடியாது. ஆகவே கீர்த்தனைகளுக்கு இடையே இதைச் செய்வதைப் பாடத்தின் பகுதியாகவே ஆக்கிவிடுங்கள்.

இடக்கையால் வாசிப்பது முறையன்று என்று ஆசிரியர் மறுக்கிறார். என்ன செய்வது?

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். 1908 முதல் 1962 வரை வாழ்ந்த அவர் இடக்கைப் பழக்கமுள்ள மிருதங்க மேதை. அவர் வாசிக்கும்போது வலந்தலை சபையை நோக்கியிருக்க வேண்டுமானால், மிருதங்கமும் வயலினும் மேடையில் இடம் மாறி அமர வேண்டியிருந்தது. அதை விரும்பாதவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். ஆயினும் இன்று மிருதங்கம் கற்பவர் எவரும் அவரைத் தவிர்த்துப் பேச முடியாது.

பார்வையற்ற பிள்ளைக்குச் சங்கீதம் இயல்பாகவே வந்துவிடுமா?

வராது. பார்வை இல்லாதவருக்குக் காது தானாகக் கூர்மையாகும் என்ற எண்ணத்தால், நாட்டமில்லாத பிள்ளைகளைக்கூடச் சங்கீதத்துக்கு இழுத்துவிடுவதும், நாட்டமுள்ள பிள்ளைகளின் உழைப்பைப் பிறவிக் கொடையென்று தள்ளிவிடுவதும் நடக்கின்றன. புல்லாங்குழலைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரிகளும், 2005இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற வயலின் வித்துவான் எம். சந்திரசேகரனும் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள். இருவரும் உழைத்தே கற்றார்கள்.

நம்முடைய கல்விமுறை வாய்மொழியானது என்பதால் பாடம் ஏற்றுவதில் அதிக இடரில்லை. மேடையில் மட்டும், பக்கவாத்தியம் வாசிக்கும் பார்வையற்றவருக்குப் பாடகரின் கை தெரியாது; தாளம் தொடையில் கேட்கும்படி விழ வேண்டும்.

எறிகணைச் சத்தத்தால் காது மந்தமானவர் வாத்தியத்தைக் கைவிட வேண்டுமா?

முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் சென்று, எந்த அளவு சுருதிகள் கேட்கவில்லை என்ற அளவீட்டைப் பெற வேண்டும். வெடியோசையால் வரும் மந்தம் பெரும்பாலும் உச்ச ஒலிகளையே பாதிக்கிறது. வயலினின் மேல் தாயியில் தடுமாறுபவருக்கு வீணையின் தாழ்ந்த சுரங்களான மந்திரத் தாயியோ தவிலோ இசைவாக இருக்கக்கூடும்.

கேட்கும் கருவி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேச்சுக்கென அமைக்கப்பட்ட இக்காலக் கருவிகள், நீண்டொலிக்கும் குழலிசையையும் வயலின் நாதத்தையும் கருவி தானே எழுப்பும் கூச்சல் என்று தவறாக எண்ணி அடக்கிவிடுகின்றன. இசைக்கெனத் தனி அமைப்பு ஒன்றை அதில் பதிந்து தரும்படி கேட்டால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். இதைக் கேட்கத் தெரியாமல், கருவி போட்ட நாள் முதல் சுருதி சேரவில்லை என்று வாத்தியத்தை மூடி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கொட்லாந்தின் எவலின் கிளெனி 12 வயதளவில் செவிப்புலனைப் பெருமளவு இழந்த பின்னரே தாள வாத்தியக் கலைஞரானார். அதிர்வைக் கால்களாலும் உடலாலும் உணர்வதற்காக அவர் வெறுங்காலுடன் மேடையேறுகிறார். மரப்பலகை மேடை அதிர்வைக் கடத்தும். சீமெந்துத் தரை கடத்தாது. பயிற்சிக்கு ஒரு மரப்பலகையின்மேல் அமர்வது இதனால் உதவும்.

இரண்டு கைகளும் இல்லாதவருக்கு ஏதும் வழி உண்டா?

உண்டு. 1991இல் கைகளின்றிப் பிறந்த ஜெர்மானியர் பெலிக்ஸ் கிளீசர், தாங்கியில் நிறுத்திய பிரெஞ்சு ஹோர்ன் என்ற மேலைநாட்டுக் கொம்பு வாத்தியத்தின் விசைகளை இடது கால் விரல்களால் இயக்கி உலகறிந்த கலைஞராக விளங்குகிறார். காலால் வாத்தியத்தைத் தொடுவது சரஸ்வதிக்கு அவமதிப்பு என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கை அதுதான் என்பதே என் விடை.

முப்பது வயதுக்கு மேல் புதிதாகப் பழக முடியுமா? முன்பு வாசித்ததை மறுபடி பிடிக்க எவ்வளவு காலம் ஆகும்?

முன்பு வாசித்தவருக்குக் காதும் நினைவும் அப்படியே இருக்கின்றன. உடல் மட்டும் புதிதாகக் கற்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவரைவிட அவர் விரைவாகச் சலிப்படைவதும் இதனால்தான்: மனதில் கேட்கும் வாசிப்புக்கும் கையில் வருவதற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிகிறது.

1887இல் பிறந்த ஒஸ்ரிய பியானோ கலைஞர் பவுல் விற்கென்ஸ்ரைன் 1914இல் போர்முனையில் வலக்கையை இழந்து, சைபீரியாவின் ஒம்ஸ்க் நகரில் கைதியாக இருந்தபோது, மரப்பெட்டி ஒன்றின்மேல் இடக்கை விரல்களால் தட்டித் தட்டி மனதிற்குள் பியானோவைக் கேட்டுப் பழகினார். விடுதலையான பின்னர் இடக்கைக்கென்றே இசையமைக்கும்படி பெரிய இசையமைப்பாளர்களை வேண்டினார். மொரிஸ் ராவெல் அவருக்காக எழுதிய இசைக்கோவை 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேறியது. வாசிக்கும்போது அவர் அதில் மாற்றங்கள் செய்தார் என்று ராவெல் கோபித்துக்கொண்டார் என்பதும் வரலாறு. அவரது விடாமுயற்சியோடு, பெருஞ்செல்வக் குடும்பத்தின் பணமும் அங்கே வேலை செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் இல்லை. ஆகவே இடக்கைக்கென்று சரளி வரிசையின் விரலமைப்பை எழுதித் தரும் வேலை ஆசிரியருடையது.

உடலில் எறிகணைச் சிதறல்கள் இன்னும் இருக்கின்றன. வாசித்தால் வலி கூடுமா?

அது சிதறல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தோளிலோ கழுத்தருகிலோ இருந்தால், தவில் பட்டியைத் தோளில் மாட்டுவதற்கும் வயலினைத் தோளோடு அணைப்பதற்கும் முன்னர் வைத்தியரைக் கேட்க வேண்டும். பத்து நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் ஓய்வதைப் பல தடவை செய்வது ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட நல்லது. வலியைப் பொறுத்துக்கொண்டு சாதகம் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை.

கர்நாடக இசையில் நாட்டமில்லை, கூத்தில் இடமுண்டா?

தாராளமாக உண்டு. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்திலும், ஊர்தோறும் ஆடப்படும் காத்தவராயன் கூத்திலும், மன்னாரின் நாட்டுக்கூத்துகளிலும் பிற்பாட்டுக்காரருக்கும் தாளக்காரருக்கும் ஆடுபவருக்கு நிகரான மதிப்பு இருக்கிறது. ஒரு கை உள்ளவர், சோடித் தாளக் கருவியில் ஒன்றைப் பலகையில் பொருத்தி மற்றதைக் கையில் பிடித்து வாசிக்கலாம். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். இரவு முழுவதும் கூத்தை நடத்த ஆள் தேடுபவர் அவர்தான்.

பரீட்சைகளுக்குத் தோற்றலாமா?

வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கும், க.பொ.த. சாதாரண தரத்தில் சங்கீத பாடத்துக்கும் விண்ணப்பிக்கும்போதே, உடல்நிலையையும் பயன்படுத்தும் தாங்கி, உறை, இருக்கை ஆகியவற்றையும் எழுத்தில் குறிப்பிட்டு, வைத்தியச் சான்றையும் இணைத்து அனுப்புங்கள். செயன்முறைப் பரீட்சையன்று காலையில் விளக்க முற்படுவது பரீட்சகருக்கும் பிள்ளைக்கும் சங்கடம். கல்வி நிறுவனமொன்றில் அனுமதி மறுக்கப்பட்டால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தவர்களுக்கு எதிரான அத்தகைய பாரபட்சத்தைத் தடை செய்கிறது என்பதை நினைவூட்டலாம்.

எங்கள் விழாவில் இத்தகைய கலைஞர் ஒருவரை மேடையேற்ற விரும்புகிறோம். எப்படி அறிமுகம் செய்வது?

பெயர், வாத்தியம், குருவின் பெயர், வாசிக்கப் போகும் உருப்படி ஆகியவற்றைச் சொன்னாற் போதும். காயமடைந்த கதையை அறிவிப்பாளர் உருக்கமாகச் சொல்லி முடித்த பிறகு ஒருவர் வாசிக்கத் தொடங்கினால், சபை அழுவதற்குத் தயாராகிவிடுகிறது. அவர் கல்யாணி ராகத்தில் என்ன செய்தார் என்பது எவர் காதிலும் விழாது. சுருதி விலகினாலும் கைதட்டுகிறார்கள், தாளக்கோவையை முடித்துவைக்கும் நுட்பமான தீர்மானத்துக்கும் அதே கைதட்டு. கலைஞருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை வேறில்லை.

டிசம்பர் 3ஆம் திகதி வரும் வலுவிழந்தவர்களுக்கான சர்வதேச தினத்துக்கு மட்டும் அழைத்துவிட்டு, மற்றைய நாட்களில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வேறு குழுவைத் தேடும் வழக்கத்தையும் விட வேண்டும். மேடைக்கு ஏறும் சாய்தளம், உட்காருமிடத்தில் கட்டையையோ தாங்கியையோ வைக்க இடம், ஒலிவாங்கியைச் சரிசெய்ய ஓர் ஆள் ஆகியவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பொன்னாடை போர்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. மற்றக் குழுக்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தையும், முச்சக்கர வண்டிக்கான செலவையும் அன்றைக்கே கையில் கொடுங்கள்.